ரோட்டர்டாமுக்கு மறுபடியும் போனேன்: எது வொர்த், எது வெறும் ஷோ

நெதர்லாந்துன்னா நம்மாளுங்களுக்கு ஆம்ஸ்டர்டாம் தான். ரெண்டு நாள் கால்வாய் ஓரமா நடந்து, காத்தாலை முன்னாடி ஒரு போட்டோ, சீசன் இருந்தா ட்யூலிப், அப்புறம் பாரிஸுக்கு ட்ரெயின். ரோட்டர்டாம்னு சொன்னா "அது ஹார்பர் ஊரு தான, அங்க பாக்க என்ன இருக்கு"ம்பாங்க. நான் 2009 வாக்குல ஆபீஸ் வேலையா கொஞ்ச காலம் அங்க இருந்தவன், 2025-ல மறுபடி போய் இந்த தடவ வேலை வெட்டி எதுவும் இல்லாம ஊரை மட்டும் சுத்திட்டு வந்தேன். ஒரு ஊரையே ரிவ்யூ பண்றது கொஞ்சம் ஓவர்னு தெரியும், ஆனா இந்த ஊர் தன்னோட பில்டிங்கை எல்லாம் டிக்கெட் போட்டு விக்குது, காசு குடுத்து பாத்தவன் கருத்து சொல்லலாம்ல.

முதல்லயே சொல்லிடறேன், அழகான ஊரு வேணும்னா இது இல்ல. ஒரு தெருவுல நின்னு பாத்தா 1898 பில்டிங், 1957 பில்டிங், 1984 பில்டிங், 2014 பில்டிங் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாம நிக்கும். ஆனா ஒரு துறைமுக ஊரு தன்னோட துறைமுகம் கைவிட்டுப் போனப்புறம் அந்த காலி இடத்தை என்ன பண்ணுச்சுன்னு பாக்க இத விட நல்ல இடம் ஐரோப்பால எனக்கு தெரிஞ்சு இல்ல. என் தீர்ப்பு சிம்பிள்: பழசை வெச்சுக்கிட்டு அதுமேல புதுசா ஏதாவது பண்ண இடம் எல்லாம் சூப்பர், சுத்தமா தொடச்சிட்டு கண்ணாடி டவர் எழுப்புன இடம் எல்லாம் சுமார்.

ஸ்டேஷன்லயே ஆரம்பிக்கலாம். 2009-ல நான் இருந்தப்போ பழைய ஸ்டேஷனை ஏற்கனவே இடிச்சிருந்தாங்க, தற்காலிகமா ஒரு கொட்டாய் போட்டு வெச்சிருந்தாங்க, எங்க பாத்தாலும் வேலி, பள்ளம், கிரேன், மெட்ரோ தோண்டற சத்தம். 2014-ல திறந்த புது ரோட்டர்டாம் சென்ட்ரால் இருக்கே, வெளிய வந்து திரும்பி பாத்தா ஸ்டீல் கூரை அப்படியே ஊரை நோக்கி கூர்மையா நீட்டிக்கிட்டு நிக்குது, உள்பக்கம் கூரைக்கு மரம் அடிச்சிருக்காங்க, ப்ளாட்ஃபாரம் மேல கண்ணாடி கூரைல சோலார் பேனல். எனக்கு பிடிச்சது அது எதுவும் இல்ல. 1957 ஸ்டேஷன்ல இருந்த கடிகாரத்தையும் 'சென்ட்ரால் ஸ்டேஷன்'ங்கற பழைய எழுத்துக்களையும் கழட்டி வெச்சு, புது முகப்புல மறுபடி மாட்டிட்டாங்க. சின்ன விஷயம் தான், ஆனா இடிச்ச ஸ்டேஷன்ல நின்னு ட்ரெயின் புடிச்ச ஆளுங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பண்ணிருக்காங்க. ஸ்கிபோல் ஏர்போர்ட்ல இருந்து வேகமான ட்ரெயின்ல அரை மணிக்குள்ள வந்துடலாம், பேங்க் கார்டையே கேட்ல டேப் பண்ணிட்டு உள்ள போலாம், இந்த கார்டு வாங்கு அந்த கார்டு வாங்குன்னு இருந்த பழைய தலைவலி இப்போ இல்ல.

ஊரு ஏன் இப்படி கலந்து கட்டி இருக்குன்னு தெரியாம பாத்தா ஒண்ணும் புரியாது. 1940 மே 14, ஜெர்மன் விமானங்க கால் மணி நேரம் குண்டு போட்டதுல, அதுக்கப்புறம் பரவுன தீயில, பழைய நகர மையம் கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. எண்ணூறுக்கு மேல செத்தாங்க, சுமார் 80,000 பேருக்கு வீடு இல்ல. லாரன்ஸ் சர்ச் எரிஞ்சு வெறும் சுவரா நின்னுச்சு, சிட்டி ஹால் தப்பிச்சுது, வெள்ளை வீடுன்னு சொல்ற 1898-ல கட்டுன பத்து மாடி பில்டிங் தப்பிச்சுது. அந்த தீ எதுவரைக்கும் வந்துச்சோ அந்த எல்லை முழுக்க நடைபாதைல சிவப்பு விளக்கு பதிச்சு வெச்சிருக்காங்க, சாயங்காலம் நடக்கும்போது காலுக்கு கீழ தெரியும். ஒரு பக்கம் நூறு வருஷத்து செங்கல் வீடு, அந்த விளக்கை தாண்டினா கான்க்ரீட். டிக்கெட் இல்ல, க்யூ இல்ல, கைடு இல்ல. ஊர்ல பாத்த எல்லா நினைவுச்சின்னத்துலயும் எனக்கு இதுதான் உறைச்சுது. இன்னொரு குண்டுவீச்சும் உண்டு, 1943 மார்ச்ல நேச நாட்டு விமானங்களே மேற்கு பக்க குடியிருப்பு மேல போட்டது, அதைப் பத்தி ரொம்ப நாள் யாரும் அதிகம் பேசினதில்லயாம்.

போர் முடிஞ்சதும் பல ஊர்கள் பழைய மாதிரியே திருப்பி கட்டிக்கிச்சு, இவங்க அப்படி பண்ணல. 1946-ல ஒரு பேசிக் ப்ளான் போட்டு அகலமான ரோடு, தனியா கடைத்தெருன்னு புதுசா ஆரம்பிச்சாங்க. 1953-ல திறந்த லைன்பான், கார் போகாத கடைத்தெருவுக்கு ஐரோப்பாலயே முன்னோடி. இன்னிக்கு போய் பாத்தா எல்லா ஊர்லயும் இருக்கற அதே ப்ராண்டு கடைங்க தான், வாங்கறதுக்கு ஒண்ணும் ஸ்பெஷலா இல்ல, ஆனா மேல பாத்தா அந்த தாழ்வாரம், அந்த சைஸ் அளவா இருக்கறது, நல்லா இருக்கு. பக்கத்துல கூல்சிங்கல்ங்கற மெயின் ரோடு, முன்னாடி நாலு லேன்ல கார் பறக்கும், இப்போ ரெண்டு லேனா குறைச்சு மிச்சத்தை சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் மரத்துக்கும் குடுத்துட்டாங்க. நான் முன்னாடி பாத்த ஊருக்கும் இப்போ பாத்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் எதுன்னு கேட்டா எந்த டவரையும் சொல்ல மாட்டேன், இந்த ரோட்டைத்தான் சொல்லுவேன். காருக்காகவே கட்டுன ஊரு காரை தள்ளி வெச்சிருக்கு.

சரி, எல்லாரும் இன்ஸ்டால போடற இடத்துக்கு வருவோம். மார்க்தால். 2014-ல திறந்தது, எம்.வி.ஆர்.டி.வி-ங்கற உள்ளூர் ஆர்க்கிடெக்ட் டீம் பண்ணது. குதிரை லாடத்தை கவுத்து வெச்ச ஷேப்ல ஒரு வளைவு, அந்த வளைவுக்குள்ள 228 வீடு, கீழ மார்க்கெட், அதுக்கும் கீழ நாலு அடுக்கு கார் பார்க்கிங். உள்பக்கம் கூரை முழுக்க 11,000 சதுர மீட்டருக்கு பழம், காய், மீன், பூன்னு பிரம்மாண்டமா பிரிண்ட் பண்ணி ஒட்டியிருக்காங்க. முதல் அஞ்சு நிமிஷம் வாய் பிளக்கும், அது உண்மை. சில வீட்டு ஜன்னல் கீழ மார்க்கெட்டை பாத்து இருக்கும், யாரோ டீ குடிச்சிக்கிட்டே நம்மள வேடிக்கை பாக்கறது தெரியும், அது ஜாலி. ஆனா மார்க்கெட்டா பாத்தா? காய் வாங்க வர்றவங்களை விட போன் தூக்கிட்டு நிக்கறவங்க தான் ஜாஸ்தி, கடைங்களும் பெரும்பாலும் நின்னுக்கிட்டே சாப்பிடற ஐட்டம், விலையும் டூரிஸ்ட் விலை. வெளிய வந்தா அதே வாசல்ல பின்னன்ரோட்டெ மைதானத்துல செவ்வாயும் சனியும் திறந்தவெளி சந்தை போடுவாங்க, ஊர்க்காரங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க, மொரொக்கோ ஆலிவ், சுரினாம் மிளகா, துருக்கி ரொட்டி, சாயங்காலம் ஆனா கூடை கூடையா விலை குறைச்சு கூவி விப்பாங்க. கூரையை உள்ள போய் பாத்துட்டு சாப்பாட்டை வெளிய வாங்குங்க. பார்க்கிங்குக்கு இறங்கற படிக்கட்டுல, தோண்டும்போது கெடச்ச பழைய ஊரோட சாமானை எல்லாம் மாடி மாடியா காட்சிக்கு வெச்சிருக்காங்க, அத யாருமே கவனிக்கறதில்ல, இலவசம்.

எதிர்ல மஞ்சள் க்யூப் வீடுங்க. பீட் ப்ளோம் டிசைன், 1984. கனசதுரத்தை மூலைல நிக்க வெச்சு அதுக்குள்ள குடும்பம் நடத்தச் சொல்லிட்டாங்க. ஒரு வீட்டை மட்டும் ம்யூசியமா வெச்சு சில யூரோ வாங்கிட்டு உள்ள விடறாங்க, கண்டிப்பா போங்க, ஏன்னா வெளிய இருந்து பாக்கும்போது வர்ற "ஐயோ எவ்ளோ க்யூட்"ங்கறது உள்ள போனதும் "பீரோவை எங்கய்யா வெப்பீங்க"ன்னு மாறிடும். சுவர் எல்லாம் சாய்வு, மொத்த இடத்துல கால்வாசி நிமிந்து நிக்கவே உதவாது. ஆனா நாப்பது வருஷமா ஜனங்க அங்க வாழறாங்க. கிறுக்குத்தனம் தான், ஆனா யாரையும் காப்பி அடிக்காத கிறுக்குத்தனம்.

அடுத்தது டெப்போ. இதுக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்க. பாய்மான்ஸ் வான் பொய்னிங்கன் ம்யூசியத்தோட மெயின் பில்டிங் ரிப்பேருக்காக 2019-ல இருந்து மூடிக் கெடக்கு. வழக்கமா ம்யூசியம்னா தன்கிட்ட இருக்கறதுல பத்துல ஒரு பங்கு கூட வெளிய காட்டாது, மிச்சம் எல்லாம் குடோன்ல தூங்கும். இவங்க அந்த குடோனையே 2021-ல ஒரு தனி பில்டிங்கா கட்டி டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ள விட்டுட்டாங்க. வெளிய முழுக்க கண்ணாடி, 1,664 பேனல், சுமார் 40 மீட்டர் உயரம். எவர்சில்வர் குண்டானை தொடச்சு பார்க்ல வெச்சாப்ல இருக்கும். அதுக்குள்ள ஊரே வளைஞ்சு தெரியும், மேகம் போறது தெரியும், நீங்க பல்லிளிச்சு போட்டோ எடுக்கறதும் தெரியும். உச்சில பிர்ச் மரத்தோட்டம், அங்க நின்னா ஊரு மொத்தமும் தெரியும்.

உள்ள தான் விஷயம். 1,51,000 ஐட்டம் இருக்கு. எந்த நூற்றாண்டு, எந்த நாடுன்னு வரிசைப்படுத்தல, மரமா உலோகமா பேப்பரா போட்டோவா, எதுக்கு எவ்ளோ குளிர் எவ்ளோ ஈரப்பதம் வேணுமோ அதப் பொறுத்து அறை பிரிச்சிருக்காங்க. அதனால பதினேழாம் நூற்றாண்டு ஓவியம் பக்கத்துல போன வருஷம் வாங்கின ஏதோ ஒண்ணு நிக்கும். நடுவுல குறுக்கும் நெடுக்குமா படிக்கட்டு, கண்ணாடி பெட்டிக்குள்ள பொருள் தொங்குது, நம்ம தலைக்கு மேலயும் காலுக்கு கீழயும். சேமிப்பு அறைக்குள்ள போறப்போ வெள்ளை கோட்டு குடுப்பாங்க, ஓவியத்தை எல்லாம் கம்பி ராக்ல மாட்டி இழுத்து இழுத்து காட்டுவாங்க, ஓவியத்தோட முதுகு தெரியும். முதுகுல ஒட்டின பழைய ஏல சீட்டு, எந்த ஊரு கண்காட்சிக்கு போச்சுங்கற முத்திரை, ஆணி, கயிறு. ஓவியத்தை ரிப்பேர் பண்றவங்க வேலை செய்யறத கண்ணாடி வழியா பாக்கலாம். விளக்கம் எழுதின அட்டை அதிகம் இருக்காது, போன்ல ஸ்கேன் பண்ணணும், அது பலருக்கு பிடிக்காது. "இது யாரு வரைஞ்சது, ஏன் முக்கியம்"னு வரிசையா சொல்லிக்குடுக்கற ம்யூசியம் வேணும்னா இது ஏமாத்தும். பத்து வயசுக்கு மேல குழந்தைங்க இருந்தா கூட்டிட்டு போங்க, அதுங்களுக்கு இது ரொம்ப பிடிக்கும்.

இப்போ ஆத்துக்கு அந்தப் பக்கம். இதுக்குத்தான் நான் மறுபடி போனதே.

ரோட்டர்டாம் துறைமுகம் 1962-ல இருந்து 2004 வரைக்கும் உலகத்துலயே பிஸியான துறைமுகம், இன்னிக்கும் ஐரோப்பால நம்பர் ஒன். ஆனா ஊருக்குள்ள நின்னு பாத்தா பெரிய சரக்குக் கப்பல் கண்ல படறது அபூர்வம். கண்டெய்னர் வந்ததும் கப்பல் பெருசாச்சு, பெரிய கப்பலுக்கு ஆழமும் இடமும் வேணும், அதனால துறைமுகம் கொஞ்சம் கொஞ்சமா மேற்கால கடலை நோக்கி நகந்துச்சு, கடைசில கடலையே தூர்த்து மாஸ்ஃப்ளாக்டன்னு புது நிலம் போட்டு அங்க போய் உக்காந்துடுச்சு. மூட்டை தூக்கறவங்க, கிடங்கு, மாலுமி ஓட்டல், எல்லாம் இருந்த ஊருக்குள்ள துறை அப்படியே காலி. எண்பதுகளோட கடைசில ஊர் நிர்வாகம் முடிவு பண்ணி அந்த தென்கரையை, காப் வான் ஸைட்னு பேரு, நகர மையத்தோட சேக்கறதுக்காக 1996-ல எராஸ்முஸ் பிரிட்ஜ் கட்டினாங்க. 139 மீட்டர் உயரத்துல வளைஞ்ச ஒத்தை தூண், அதுல இருந்து கேபிள். திறந்த கொஞ்ச நாள்லயே காத்தும் மழையும் சேந்து அடிச்சப்போ கேபிள் எல்லாம் ஆட ஆரம்பிச்சு, பாலத்தை மூடி, அதிர்வை தாங்கற டாம்பர் மாட்ட வேண்டியதாப் போச்சு. இப்போ நடந்து போகும்போது கேபிளோட அடில அதைப் பாக்கலாம். நடந்துதான் போகணும், ட்ராம்ல போனா அந்த ஃபீல் வராது. காத்து மட்டும் தள்ளிடும், தொப்பி போட்டா புடிச்சுக்கோங்க.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பழைய கப்பல் துறை, வில்ஹெல்மினா பையர்ல 2009-ல ஒரு சில டவர், நடுவுல காலி மனை, மணல், ஒரு ஓரத்துல ஹோட்டல் நியூயார்க். இப்போ இடமே இல்ல. ஆர்க்கிடெக்ட் ரெம் கூல்ஹாஸோட 'தெ ரோட்டர்டாம்' பில்டிங் 2013-ல வந்துடுச்சு, 150 மீட்டர், மூணு டவரை பாதில வெட்டி கொஞ்சம் நகத்தி வெச்ச தோற்றம். பாலத்து மேல நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அதோட வடிவம் மாறுது, டவருக்கு நடுவுல சந்து திறக்குது, மூடுது. அது கெட்டிக்காரத்தனம், ஒத்துக்கறேன். கிட்ட போய் நின்னா ஆபீஸ் லாபி, செக்யூரிட்டி, காத்து. ஆத்துக்கு இந்தப் பக்கம் 215 மீட்டர்ல ஸல்ம்ஹாவன் டவர், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூணு நாட்டுலயும் இதுதான் உயரம், அதுவும் அப்படித்தான், தூரத்துல இருந்து பாத்து "ம்ம், உயரம்"னு சொல்லிட்டு நகந்துடலாம்.

இத்தனை கண்ணாடிக்கு நடுவுல ரெண்டு பச்சை கூம்பு வெச்ச பழைய ஹோட்டல் நியூயார்க் தான் ஜெயிக்குது. அது ஹாலந்து அமெரிக்கா லைன் கப்பல் கம்பெனியோட தலைமை ஆபீஸ், 1993-ல ஹோட்டல் ஆச்சு. லட்சக்கணக்கான ஜனங்க இந்தக் கரைல இருந்துதான் அமெரிக்காவுக்கு கப்பல் ஏறினாங்க, கிழக்கு ஐரோப்பால இருந்தெல்லாம் ரயில்ல வந்து இங்க காத்துக் கெடந்து ஏறினவங்க. ரூம் வாடகை ஜாஸ்தியா தெரிஞ்சா கவலையே வேணாம், கீழ ரெஸ்டாரன்ட்ல ஒரு காபி குடிச்சிட்டு உக்காந்து ஆத்தை பாருங்க, போதும்.

அங்கிருந்து ஒரு நடைபாலம் தாண்டினா காட்டன்ட்ரெக்ட்ங்கற ஏரியா. (அந்த பாலத்துக்கு ஊர்க்காரங்க வெச்சிருக்கற பட்டப்பேரை குடும்பத்தோட படிக்கற இடத்துல எழுத முடியாது, மாலுமிங்க ராத்திரி எதுக்கு அந்தப் பக்கம் போவாங்கன்னு யோசிச்சா புரிஞ்சிடும்.) 1911-ல கப்பல் வேலைநிறுத்தத்தை உடைக்க சீனத் தொழிலாளிங்களை கொண்டு வந்து இறக்கி, அதுல இருந்து ஐரோப்பாவோட ஆரம்பகால சைனாடவுன்ல ஒண்ணு இங்க உருவாச்சு. 2009-ல இந்தப் பக்கம் ஆபீஸ்காரங்க யாரும் வர மாட்டாங்க. கரை ஓரமா நீளமா பாழடைஞ்ச கிடங்கு, உடைஞ்ச கண்ணாடி, அவ்ளோதான்.

அந்த கிடங்குல ஒண்ணு தான் இன்னிக்கு ஃபீனிக்ஸ் ம்யூசியம். 1923-ல ஹாலந்து அமெரிக்கா லைனுக்காக கட்டின சரக்குக் கிடங்கு, கான்க்ரீட் பில்டிங், அப்படியே ரிப்பேர் பண்ணி 2025 மே மாசம் புலம்பெயர்வு ம்யூசியமா திறந்துட்டாங்க. சீன ஆர்க்கிடெக்ட் மா யான்சொங்கோட மேட் நிறுவனம் நடுவுல கூரையை துளைச்சிக்கிட்டு டொர்னேடோன்னு ஒரு இரட்டைச் சுருள் படிக்கட்டு போட்டிருக்கு. வெளில பளபளப்பா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மிதிக்கற தரை மரம். ரெண்டு படிக்கட்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு போறதால எந்த வழில ஏறினோம், எது வழியா இறங்கறோம்னு கொஞ்சம் குழம்பும், எதிர் சுருள்ல போறவங்க முகம் ஸ்டீல்ல நெளிஞ்சு தெரியும். மேல போனா எதிர்லயே ஹோட்டல் நியூயார்க், கப்பல் கிளம்பின அதே கரை. போட்டோல பாத்தப்போ இது துபாய்த்தனமா இருக்கேன்னு தான் தோணுச்சு, நேர்ல அப்படி இல்ல, ஏன்னா கீழ இருக்கற கிடங்கு சொரசொரப்பாவே இருக்கு, தூணுக்கு பட்டி பாத்து மழுப்பல.

உள்ள சூட்கேஸ் புதிர்ப்பாதைன்னு ஒரு அறை, ஜனங்க குடுத்த சுமார் 2,000 பழைய பெட்டிங்களை சுவரா அடுக்கி வெச்சிருக்காங்க, ஹெட்போன் மாட்டிட்டு நடந்தா சில பெட்டிங்களோட கதை கேக்கும். தகரப் பெட்டி, தோல் பெட்டி, கயிறு கட்டின பெட்டி. ரங்கூன் போனவங்க, தேயிலைத் தோட்டத்துக்கு போனவங்க, மலேயா போனவங்க, 83-க்கு அப்புறம் கையில கெடச்சதோட கிளம்பினவங்கன்னு நம்ம வீடுகள்ல இல்லாத பெட்டியா? அந்த அறைல நான் நெனச்சதை விட ரொம்ப நேரம் இருந்தேன். இன்னொரு பக்கம் இத்தாலியோட லாம்பெடுசா தீவுல இருந்து வந்த அகதிப் படகு, பெர்லின் சுவரோட ஒரு துண்டு. போட்டோ கண்காட்சி பெருசு, கொஞ்சம் ஜாஸ்தியாவே பெருசு, பாதிக்கு மேல கண்ணு களைச்சிடும். 1926-ல கப்பல்ல ஒளிஞ்சு அமெரிக்கா போன ஓவியர் வில்லம் தெ கூனிங் பொறந்த ஊரும் இதுதான், அவரோட கதையை இங்க வெச்சிருக்கறது பொருத்தம்.

இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். என்னை அங்க கூட்டிட்டு போனவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர், 91-ல வந்து தென்கரைலயே இருக்கறவர். ம்யூசியத்தை விட்டு வெளிய வந்து கரைல நின்னு சொன்னார்: "தம்பி, நாங்கள் வந்த காலத்தில இஞ்சால பக்கம் ஒருத்தரும் வாடகைக்கு வரமாட்டினம். அதால தான் எங்களுக்கு வீடு கிடைச்சது. இப்ப பாரும், எங்கட பிள்ளையளுக்கு இந்த ஏரியாவில ஒரு ஸ்டூடியோ எடுக்க ஏலாது." நான், "அப்போ இந்த ம்யூசியம் வேணாங்கறீங்களாண்ணா"ன்னு கேட்டேன். "அப்பிடி இல்லை, எனக்கு விருப்பம் தான், போன கிழமையும் வந்தனான்"னு சிரிச்சார்.

அவர் சொல்றது சும்மா புலம்பல் இல்ல. 2016-ல நகரத்தோட வீட்டுவசதிக் கொள்கை மேல வாக்கெடுப்பே நடந்துச்சு, ஓட்டு போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க எதிரா போட்டாங்க, ஆனா தேவையான 30 சதவீதம் பேர் வராததால செல்லாமப் போச்சு. பக்கத்துலயே ட்வேபோஸ்பியூர்ட்ங்கற குடியிருப்புல குறைஞ்ச வாடகை வீடு 500-க்கு மேல இடிக்க முடிவு பண்ணப்போ, ஐ.நா.வோட சிறப்பு நிபுணர்களே 2021-ல டச்சு அரசுக்கு கடிதம் எழுதினாங்க. புலம்பெயர்ந்தவங்களுக்கு இவ்ளோ அருமையா ம்யூசியம் கட்டின ஊரு, புலம்பெயர்ந்து வந்தவங்க நிறைய பேர் இருந்த தெருவை இடிச்சுது. ஆர்க்கிடெக்சர் டூர் எடுத்தீங்கன்னா கைடு இதெல்லாம் சொல்ல மாட்டாரு, டூர் முடிஞ்சு நீங்களே அந்தப் பக்கம் பத்து நிமிஷம் நடந்து பாத்துட்டு வாங்க.

வான் நெல்லே ஃபேக்டரி. லிஸ்ட்ல கடைசில போட்டு, நேரம் இல்லன்னு விட்டுடாதீங்க. குண்டு விழறதுக்கு முன்னாடியே, 1925-ல இருந்து 1931 வரைக்கும் கட்டினது, 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. காபி, டீ, புகையிலை பாக்கெட் போடற ஃபேக்டரி. அந்தக் காலத்து ஃபேக்டரின்னா இருட்டு, புகை, சின்ன ஜன்னல். இவங்க சுவர் முழுக்க கண்ணாடி வெச்சுட்டாங்க, உள்ள காளான் தலை வெச்ச கான்க்ரீட் தூண் பாரத்தை தாங்கறதால வெளிச்சுவருக்கு வேலையே இல்ல, வெளிச்சம் மட்டும்தான் அதோட வேலை. சரக்கு மேல் மாடிக்கு போய் ஒவ்வொரு மாடியா இறங்கி இறங்கி தயாராகும், புகையிலைக்கு நிறைய வேலைங்கறதால அந்தப் பகுதி உயரம், காபி அதவிட கம்மி, டீ இன்னும் குட்டை. பில்டிங்கோட உயரமே பொருளோட வேலையை வெச்சு வந்தது. பக்கத்து கிடங்குக்கு சாய்வா கண்ணாடி பாலம் போகும், அதுக்குள்ள கன்வேயர் ஓடினது, உச்சில வட்டமா ஒரு டீ அறை. நம்ம பக்கத்து தோட்டங்கள்ல கொழுந்து பறிச்சவங்க எந்த வெளிச்சத்துல எந்த வீட்டுல இருந்தாங்கன்னு நெனைக்காம என்னால அந்த டீ பகுதியை பாக்க முடியல, அது என் பிரச்சனை. இப்போ உள்ள ஆபீஸ்ங்க இருக்கு, அதனால கைடு டூர்ல மட்டும் தான் உள்ள போக முடியும், முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. மொத்த ஊர்லயும் எனக்கு நம்பர் ஒன் இதுதான். இதுக்கப்புறம் வந்த எந்த டவரும் இதோட கால் தூசிக்கு வராது.

தண்ணி பத்தி ரெண்டு வார்த்தை. இந்த பக்கம் நிலம் நிறைய இடத்துல கடல் மட்டத்துக்கு கீழ. பென்தம்ப்ளைன்னு ஒரு மைதானம், மழை இல்லாதப்போ பசங்க பாஸ்கெட்பால் ஆடுவாங்க, கனமழை வந்தா சுத்துப்பட்ட கூரைத் தண்ணி எல்லாம் அங்க வந்து தேங்கி, அப்புறம் சாக்கடைக்கு போகாம கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்குள்ளயும் ஊர் கால்வாய்க்கும் வடியும். காஞ்சு கெடக்கும்போது போனா வெறும் கான்க்ரீட் பள்ளம், ஸ்பெஷலா மெனக்கெட வேணாம், ஆனா மழை பேஞ்சா குடை புடிச்சிட்டு ஓடுங்க. தென்கரைல ரைன்ஹாவன்ங்கற பழைய துறைல மிதக்கற ஆபீஸ் ஒண்ணு இருக்கு, மரத்துல கட்டினது, தண்ணி ஏறினா கூடவே ஏறும். பெரிய சமாச்சாரம் வேணும்னா மெட்ரோ பி லைன் புடிச்சு ஹூக் வான் ஹாலந்து போங்க, மாஸ்லான்ட் வெள்ளத் தடுப்பு கதவு, 1997-ல வந்தது, ரெண்டு கதவும் ஒவ்வொண்ணும் 210 மீட்டர் நீளம், கடல் பொங்கினா ஆத்தையே மூடும். 2023 டிசம்பர் புயல்ல தண்ணி மட்டத்தை பாத்து தானாவே மூடிக்கிச்சு. அதே மெட்ரோ கடைசில பீச் வரைக்கும் போகுது, நான் இருந்தப்போ அது பழைய ரயில் பாதை.

சாப்பாடு சீக்கிரம் சொல்லிடறேன். கப்சலோன் இந்த ஊர்ல பொறந்த ஐட்டம், உருளைக்கிழங்கு ஃப்ரை மேல ஷவர்மா கறி, அதுமேல சீஸ் உருக்கி, அதுமேல சாலட், பூண்டு சாஸ். ஒரு ஆளால முடிக்க முடியாது. சைவம்னா ஃபலாஃபல் போட்டு தருவாங்க. வெஸ்ட் க்ரைஸ்கடெ தெருவுல சுரினாம் ரொட்டி கடைங்க இருக்கு, காராமணிக்காயும் உருளையும் போட்ட கறி, நாலு நாள் ப்ரெட் தின்ன நாக்குக்கு அதுதான் மருந்து. ஆத்தோரமா வ்யூவுக்கு காசு வாங்கற ஒரு ரெஸ்டாரன்ட்ல (பேர் வேணாம்) ஆறிப்போன சூப்புக்கு நல்லா மொட்டை போட்டாங்க, வ்யூ வேணும்னா வாட்டர் டாக்ஸி ஏறுங்க, அந்த மஞ்சள் கருப்பு படகு அலைமேல தூக்கித் தூக்கி அடிச்சுக்கிட்டு போகும், டவருங்க எல்லாம் அழகா தெரியறதே அங்கிருந்துதான், முதுகுவலி இருக்கறவங்க மட்டும் பின்சீட்டுல உக்காராதீங்க.

திங்கக்கிழமை டெப்போ லீவு, அதுக்கேத்த மாதிரி நாளை வெச்சுக்கோங்க. ஆம்ஸ்டர்டாம்ல தங்கிட்டு ஒரு பகல் மட்டும் வந்து போறேன்னா மார்க்தால், க்யூப் வீடு, பாலம்னு போட்டோ தான் கெடைக்கும், ஃபீனிக்ஸும் வான் நெல்லேவும் கெடைக்காது, அப்படி வர்றதா இருந்தா மார்க்தாலை விட்டுட்டு நேரா மெட்ரோல ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. நிஜத் துறைமுகத்தை பாக்கணும்னு ஆசை இருந்தா மாஸ்ஃப்ளாக்டல 2025-ல திறந்த போர்ட்லான்டிஸ் விசிட்டர் சென்டர் இருக்கு, ஊர்ல இருந்து ரொம்ப தூரம், கார் வேணும், போனா டிரைவரே இல்லாத வண்டிங்க கண்டெய்னரை தூக்கிட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், மனுஷனை தேடணும்.